மறுப்பவர் சொல்ல வேண்டிய காரணம்

வெளிநாட்டவர் ஒருவரைத் தன் மண்ணுக்குள் விடுவதா வேண்டாமா என்பது அந்தந்த அரசின் விருப்பம். அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. குடியேற்றம் பற்றிய வழக்கு எந்த நாட்டில் நடந்தாலும் நீதிமன்றம் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் பேசத் தொடங்குகிறது. பிரிட்டனில் வசித்த மூன்று பெண்கள் தங்கள் கணவர்களோடு அங்கே வாழ அனுமதி கேட்டுத் தொடுத்த வழக்கில், ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1985இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தபோதும், நுழைவைக் கட்டுப்படுத்தும் அரசின் உரிமை நன்கு நிலைபெற்ற பன்னாட்டுச் சட்டம் என்று சொல்லிவிட்டே மேலே சென்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில், வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் முழுமையானது, வரம்பற்றது என்றது. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்த குடிபெயர்வு பற்றிய உலக உடன்பாடுகூட இறையாண்மைக்கு உறுதி கொடுத்தபடியேதான் மற்றவற்றைப் பேசுகிறது. இதையெல்லாம் படிப்பவருக்கு, அரசு என்ற ஒன்று தோன்றிய நாள்முதல் இருந்துவரும் விதி இது என்ற எண்ணம்தான் வரும். உண்மை வேறு. நீதிமன்றங்கள் இந்த விதியைப் பன்னாட்டுச் சட்டம் என்று அறிவித்து 150 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு முன் ஏறத்தாழ 350 ஆண்டுகள் அறிஞர்கள் விவாதித்தது வேறொன்றை: வந்தவரை ஏற்க மறுப்பவர் அதற்கு என்ன காரணம் சொல்ல வேண்டும்? விருந்தோம்பல் என்பதன் சட்டப் பொருள் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பதும், எல்லைகளை முற்றிலும் திறந்துவிடுவதோ முற்றிலும் மூடிவிடுவதோ அதற்கு விடையல்ல என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கேள்வி சட்டமொழிக்குள் வந்த சூழல் கொடியது. ஸ்பெயினின் சாலமன்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, 1539இல் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். மெக்சிகோ வீழ்ந்து 18 ஆண்டுகளும் பெருவின் அரசன் அத்தவல்பா கொல்லப்பட்டு 6 ஆண்டுகளும் ஆகியிருந்த நேரம். போப்பாண்டவர் அந்த நிலத்தைக் கொடையாக அளித்தார், பேரரசர் உலகுக்கே தலைவர், அம்மக்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று ஸ்பானிய ஆட்சிக்குச் சொல்லப்பட்டுவந்த நியாயங்களை வித்தோரியா ஒவ்வொன்றாகத் தள்ளினார். அந்த மண் அம்மக்களுடையதே என்றார். ஆனால் அதே உரையில் அவரே வேறொரு வழியைக் காட்டினார். மனிதர் அனைவரும் இயற்கையாக அமைந்த ஒரே சமூகத்தவர். தீங்கு செய்யாதவரை எவரும் எந்த நாட்டுக்கும் போகலாம், தங்கலாம், வணிகம் செய்யலாம். தக்க காரணமின்றி அந்நியரை விரட்டுவதை எல்லா மக்களும் மனிதத்தன்மையற்ற செயலாகவே கருதுகிறார்கள் என்று வாதிட்டார். அங்கே ஸ்பானியருக்குப் பிறக்கும் பிள்ளைகள் அந்நாட்டுக் குடிமக்களாக விரும்பினால் அதையும் மறுக்க முடியாது என்ற அளவுக்குப் போனார். இந்த உரிமையை, இதமாக எடுத்துச் சொல்லியும் பூர்வகுடிகள் மறுத்தால், ஸ்பானியர் போர் தொடுக்கலாம் என்று முடித்தார். குடியேற்ற உரிமையின் முதல் முழுமையான சட்ட வாதம் படையோடு வந்தவனுக்காக எழுதப்பட்டது. இதை மறைத்துவிட்டு வித்தோரியாவைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

அவருக்குப் பின்வந்தவர்கள் இந்த ஆபத்தைப் பார்த்தார்கள். அதே நூற்றாண்டின் இறுதியில் யேசு சபை அறிஞர் லூயிஸ் தெ மொலினா, வருபவர் தம்மைவிட வலியவராகத் தெரியும்போது ஒரு நாடு அவரை மறுக்கலாம் என்று திருத்தினார். 17ஆம் நூற்றாண்டில் ஹியூகோ குரோஷியஸ் வாதத்தின் மையத்தையே மாற்றினார். நெதர்லாந்துச் சிறையிலிருந்து புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பிய அவர், பாரீசில் அகதியாக இருந்தபடி 1625இல் போரும் அமைதியும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். கடந்துசெல்லும் உரிமை, தற்காலிகமாகத் தங்கும் உரிமை ஆகியவற்றோடு, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர் புகலிட நாட்டின் சட்டங்களுக்குப் பணிந்து நடப்பாரென்றால் அவருக்கு நிரந்தர வாழிடத்தை மறுக்கக்கூடாது என்று அதில் எழுதினார். வித்தோரியாவின் மனத்தில் இருந்த அந்நியன் வணிகனும் மதபோதகனும். குரோஷியஸின் அந்நியன் துரத்தப்பட்டவன். 1672இல் சாமுவேல் புஃபெண்டார்ஃப் இதற்குக் கடிவாளம் போட்டார். எத்தனை பேர், எதற்காக, ஆயுதத்தோடா ஆயுதமின்றியா என்று பாராமல் எல்லோரையும் ஏற்கும்படி எந்த நாட்டையும் கட்டாயப்படுத்த முடியாது. விருந்தோம்பல் மனிதாபிமானக் கடமைதான், வற்புறுத்திப் பெறும் உரிமை அல்ல. முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர் என்றார். இன்றைய அரசுகளின் மூதாதை இவர்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தீங்கில்லாத அந்நியரைப் பகையோடு நடத்துவது காட்டுமிராண்டித்தனம் என்றும் அவரே எழுதினார். முடிவு வீட்டுக்காரருடையது என்பதும், அந்த முடிவுக்குக் காரணமே தேவையில்லை என்பதும் அவரிடம் ஒன்றாகவில்லை.

1758இல் எமெர் த வத்தெல் எழுதிய நாடுகளின் சட்டம் என்ற நூல், பிற்கால நீதிபதிகளின் மேசையில் எப்போதும் இருந்த நூல். அதன் இரண்டாம் பாகத்தில், அந்நியர் நுழைவை இறைமை கொண்டவர் தடுக்கலாம் என்ற வரி வருகிறது. முதல் பாகத்தில் வேறொன்று வருகிறது: நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட மனிதனுக்கு உலகில் எங்காவது வாழும் உரிமை உண்டு, ஒரு குறிப்பிட்ட நாட்டைப் பார்த்து அதை வற்புறுத்த அவனால் முடியாது, என்றாலும் தெளிவான ஆபத்தோ வெளிப்படையான கேடோ இருந்தால்தான் நாடு மறுக்கலாம், ஆதாரமற்ற அச்சங்களைச் சொல்லித் துயருற்றவருக்குப் புகலிடம் மறுப்பது தகாது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் படித்தால் வத்தெல் சொன்னது விளங்கும். முடிவெடுக்கும் அதிகாரம் அரசிடம். முடிவுக்கு நல்ல காரணம் காட்டும் பொறுப்பும் அரசிடம். இதற்கு 37 ஆண்டுகள் கழித்து, நிலையான அமைதி பற்றிய சிறுநூலில் இமானுவேல் கான்ட் இந்த மரபின் இரண்டு முனைகளையும் இணைத்தார். விருந்தோம்பல் இங்கே கருணையைச் சார்ந்தது அல்ல, உரிமையைச் சார்ந்தது என்றார். அந்த உரிமை, வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் உரிமை. குடியிருக்கும் உரிமை அல்ல. வந்தவனை அழிவுக்குள் தள்ளாமல் திருப்பியனுப்ப முடிந்தால் அனுப்பலாம். உலகக் குடிமக்கள் என்ற பெருங்கனவின் பெயரால் கான்ட்டைக் குறிப்பிடும் பலர் இந்த எல்லையைக் கவனிப்பதில்லை. அவர் ஏன் அதை இவ்வளவு குறுக்கினார் என்பதற்கு விடை அதே பக்கங்களில் இருக்கிறது. ஐரோப்பியர் பிற நாடுகளுக்குப் போவது அவர்களுக்கு வெற்றிகொள்வதாகவே இருந்தது என்றும், இந்துஸ்தானத்தில் வணிகச் சாவடி என்ற பெயரில் அந்நியப் படைகளை இறக்கி அடக்குமுறையையும் பஞ்சத்தையும் கொண்டுவந்தார்கள் என்றும் கடுமையாக எழுதினார். சீனாவும் ஜப்பானும் அத்தகைய விருந்தினருக்குக் கட்டுப்பாடு விதித்தது அறிவுடைமை என்றார். வலியவன் நுழைவதற்கு வரம்பு, அழிவிலிருந்து ஓடிவருபவனுக்குக் காப்பு: வித்தோரியாவின் வாளைப் பிடுங்கிவிட்டு அவர் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. இந்த மரபு முழுவதையும் ஆராய்ந்த வின்சென்ட் ஷெத்தாய் போன்ற சட்ட வரலாற்றாளர்கள் காட்டியிருப்பதுபோல, வித்தோரியாவிலிருந்து வத்தெல் வரை எவருமே இறையாண்மையையும் விருந்தோம்பலையும் ஒன்றையொன்று அழிக்கும் எதிரிகளாகக் கருதவில்லை.

பிறகு என்ன நடந்தது? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேற்கு நாடுகள் நுழையும் உரிமையை உரக்கப் பேசின, ஏனென்றால் நுழைபவர்கள் அவர்களாக இருந்தார்கள். அபின் போரின்போது, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1841இல் பிரிட்டன் பக்கமே நியாயம் என்று பேசினார். வணிக உறவை மறுக்கும் சீனாவின் போக்கு நாடுகளின் சட்டத்துக்கே எதிரானது என்பது அவர் வாதம். சீனத் துறைமுகங்கள் பீரங்கியால் திறக்கப்பட்டன. 1868இல் அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட பர்லிங்கேம் ஒப்பந்தம், மனிதன் தன் இருப்பிடத்தையும் தன் அரசுப் பற்றையும் மாற்றிக்கொள்ளும் உரிமை பிறப்போடு வந்தது, பறிக்க முடியாதது என்று அறிவித்தது. ரயில் பாதை போடச் சீனத் தொழிலாளர் தேவைப்பட்ட காலம் அது. பாதை முடிந்தது, 1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சே சான் பிங் என்ற தொழிலாளி 12 ஆண்டுகள் கலிஃபோர்னியாவில் வாழ்ந்துவிட்டு, திரும்பி வரலாம் என்ற அரசுச் சான்றிதழோடு 1887இல் ஊருக்குப் போனார். அவர் கப்பல் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, 1888 அக்டோபர் 1ஆம் தேதி, அத்தகைய சான்றிதழ்கள் அனைத்தும் செல்லாதவை என்று புதிய சட்டம் வந்தது. ஒரு வாரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கிய அவரை உள்ளே விடவில்லை. 1889இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சரியே என்றது. 1892இல் நிஷிமுரா எக்கியு என்ற ஜப்பானியப் பெண்ணின் வழக்கில் நீதிபதி கிரே, அந்நியரைத் தடுக்கும் அதிகாரம் பன்னாட்டுச் சட்டத்தின் ஏற்கப்பட்ட கோட்பாடு என்று எழுதி, சான்றாக வத்தெலைக் காட்டினார். அவர் காட்டியவை இரண்டாம் பாகத்தின் பத்திகள். முதல் பாகத்தில் அகதியைப் பற்றி வத்தெல் எழுதியவை காணாமல் போயின. இந்தப் பாதி வாசிப்பைச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் நாஃப்சிகர் 1983இல் விரிவாக அம்பலப்படுத்தினார். அதற்குள் அந்தத் தீர்ப்பு ஒரு நூற்றாண்டுத் தீர்ப்புகளுக்கு அடித்தளமாகியிருந்தது.

அதே காலத்தில் பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளும் இது நடந்தது. 1888இல் மெல்போர்னில் சீனப் பயணி ஒருவரை இறங்கவிடாத வழக்கில், பேரரசின் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1891இல், பிரிட்டிஷ் மண்ணில் நுழைய அந்நியருக்கு நீதிமன்றம் மூலம் நிலைநாட்டத்தக்க உரிமை இல்லை என்றது. பேரரசின் குடிமக்களேயான இந்தியர்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாதே என்ற சிக்கலை நேட்டால் தீர்த்துவைத்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரையும் தெலுங்கரையும் அழைத்துப்போன தென்னாப்பிரிக்கக் காலனி அது. கூலிகளாக வந்தபோது எந்தத் தேர்வும் இல்லை. சுதந்திரமாக வர முயன்றவர்களுக்கு 1897இல் ஐரோப்பிய மொழியில் எழுதும் தேர்வு வந்தது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தைத் தடுக்கும் இந்த முறையைப் பிரிட்டனின் காலனிகள் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் மற்ற காலனிகளுக்கும் பரிந்துரைத்தார். 1901இல் ஆஸ்திரேலியா 50 சொல் ஒப்பெழுத்துத் தேர்வாக அதை ஏற்றது. கனடா 1908இல் கொண்டுவந்த விதி, சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் வருபவரே இறங்கலாம் என்றது; இந்தியாவிலிருந்து அப்படி வரும் கப்பலே அப்போது இல்லை. 1914இல் பெரும்பாலும் சீக்கியர்களான 376 பயணிகளோடு வான்கூவர் வந்த கோமகட்டா மாரு இரண்டு மாதம் துறைமுகத்தில் நின்று திருப்பியனுப்பப்பட்டது. கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. கட்டுப்பாடற்ற மறுப்புரிமை அரசின் இயல்பிலிருந்து முளைத்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது நிற வேற்றுமையை நிர்வாகம் செய்யத் தேவைப்பட்ட கருவி என்று இந்த ஆண்டுகளின் வரிசை சொல்கிறது.

அந்தக் கருவிக்கு அக்காலத்திலேயே மறுப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிஷிமுரா தீர்ப்பு வந்த அதே 1892இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுச் சட்ட நிறுவனம், அக்காலத்தின் முதன்மையான சட்ட அறிஞர்களின் அமைப்பு, அந்நியர் நுழைவைப் பொதுவாகவும் நிரந்தரமாகவும் தடைசெய்வதற்கு மிகக் கடுமையான காரணங்கள் வேண்டும் என்று விதி வகுத்தது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பது மட்டும் போதிய காரணம் ஆகாது என்றும் சேர்த்தது. ஆனால் நாகரிகத்தில் அடிப்படை வேறுபாடு என்பதை ஏற்கத்தக்க காரணமாக அவர்களும் வைத்தார்கள். காரணம் கேட்பது மட்டும் போதாது, எவை காரணமாகும் என்பதையும் சட்டம் சொல்ல வேண்டும் என்பதற்கு அந்த விதியே சான்று.

இவ்வளவையும் கேட்ட பிறகு எழும் முதல் மறுப்பு நியாயமானது. விருந்தோம்பல் உரிமை படையெடுப்பின் சாக்காகப் பிறந்தது. அதைக் கைவிடுவதுதானே சரி? ஒடுக்கப்பட்ட நாடுகள் தங்கள் எல்லையைக் காக்க இறையாண்மையைத்தானே நம்பியிருக்கின்றன? ஆனால் வித்தோரியாவிடம் கேடு விளைவித்தது நுழையக் கேட்கும் உரிமை அல்ல. மறுக்கப்பட்டால் படை அனுப்பலாம் என்ற முடிவு. மொலினாவும் கான்ட்டும் அந்த முடிவை வெட்டிவிட்டு மீதியைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்கள். படையும் கம்பெனியும் தம் நுழைவுக்காகப் பேசிய உரிமை வேறு; பெட்டியோடு கப்பலிலிருந்து இறங்கும் தனிமனிதர் கேட்பது வேறு. 19ஆம் நூற்றாண்டு செய்தது இவ்விரண்டையும் தலைகீழாக்கியது: முந்தையவருக்கு உரிமை, பிந்தையவருக்கு மறுப்பு. சட்ட அறிஞர் டெண்டாயி அச்சியுமே 2019இல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காலனிய ஆட்சியால் இணைக்கப்பட்ட நாடுகளுக்கிடையே மக்கள் நகர்வது அந்நியர் நுழைவே அல்ல, ஒரே அரசியல் உறவின் தொடர்ச்சி என்கிறார். அவ்வளவு தூரம் போகத் தயங்குபவரும், காலனிகளை ஆண்ட நாடுகளின் மறுப்புக்கு வழக்கத்தைவிட வலுவான காரணம் வேண்டும் என்பதை ஏற்க வேண்டியிருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் சட்டம், காரணம் கேட்கும் மரபையும் காரணமின்றி மறுக்கும் மரபையும் ஒட்டவைத்த சட்டம். 1922இல் நான்சென் கடவுச்சீட்டு நாடற்றவர்களுக்கு ஓர் அடையாளம் தந்தது. 1938இல் யூத அகதிகளுக்காக எவியானில் கூடிய 32 நாடுகளில் ஏறத்தாழ எல்லாமே அனுதாபம் தெரிவித்து விலகின. அந்தக் குற்ற உணர்வோடு 1948இல் எழுதப்பட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தில், எந்த நாட்டைவிட்டும் வெளியேறும் உரிமை இருக்கிறது. சொந்த நாட்டைத் தவிர வேறெந்த நாட்டுக்குள்ளும் நுழையும் உரிமை இல்லை. 14ஆம் பிரிவின் வரைவில் புகலிடம் கேட்கவும் பெறவும் உரிமை என்றிருந்தது. பிரிட்டன் கொண்டுவந்த திருத்தத்தால் அது புகலிடம் கேட்கவும் துய்க்கவும் உரிமை என்றானது. கிடைத்தால் துய்க்கலாம், கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. சட்ட அறிஞர் லாட்டர்பாக்ட் இதை அப்போதே கடுமையாகக் கண்டித்தார். 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு மட்டும் கான்ட் வரைந்த கோட்டைக் காத்தது: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பக்கூடாது. ஒருவரை அனுப்பும் இடத்தில் ஆபத்து இருக்கிறதா என்று அறிய அவரைக் கேட்டாக வேண்டும். எனவே இந்தச் சிறு பிரிவுக்குள், கேட்காமல் மறுக்கக்கூடாது என்ற பெரிய கடமை ஒளிந்திருக்கிறது. கடந்த 40 ஆண்டுகளின் முக்கியமான வழக்குகள் அனைத்தும் இந்த ஒரு கடமையைச் சுற்றியே நடந்திருக்கின்றன என்று சொன்னால் மிகையில்லை.

சீக்கியர்கள் உள்ளிட்ட 7 பேரின் புகலிட விண்ணப்பங்கள் வாய்மொழி விசாரணையே இல்லாமல் காகிதத்தில் தள்ளப்பட்டபோது, கனடா உச்ச நீதிமன்றம் 1985இல் சிங் வழக்கில் தலையிட்டது. கனடா மண்ணில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் நேரில் கேட்கப்படும் உரிமை உண்டு என்றது. செலவாகும், தாமதமாகும் என்ற அரசின் வாதத்தை நீதிபதி பெர்த்தா வில்சன் ஏற்கவில்லை. அதே ஆண்டுகளில் பிரிட்டன் நேர்மாறாக நடந்தது. 5 ஈழத் தமிழர்களை 1988 பிப்ரவரியில் கொழும்புக்குத் திருப்பியனுப்பியது. மேல்முறையீட்டை வெளியேறிய பிறகே செய்ய முடியும் என்பது அன்றைய விதி. மேல்முறையீட்டைக் கேட்ட நடுவர் அவர்களின் அச்சம் நியாயமானதே என்று கண்டு, அவர்களைத் திரும்ப வரவழைக்கச் சொன்னார். ஆனாலும் 1991இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், அனுப்பிய நேரத்தில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டு பார்த்தால் பிரிட்டன் தவறு செய்யவில்லை என்றது. முறையாகக் கேட்டிருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டார்கள் என்பது அதே வழக்கின் கோப்பிலேயே இருக்கிறது. அந்த நீதிமன்றம் தன் பார்வையைத் திருத்திக்கொள்ள 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2009 மே மாதம் லாம்பெதூசா தீவுக்குத் தெற்கே கடலில் தடுத்த சுமார் 200 பேரை, பெயர்கூடக் கேட்காமல் இத்தாலி லிபியாவில் கொண்டுபோய் விட்டது. 2012இல் ஹிர்சி வழக்கில் இது மனித உரிமை மீறல் என்று ஒருமனதாகத் தீர்ப்பளிக்கப்பட்டது.

இந்த முன்னேற்றம் உறுதியானது அல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல், ஹெய்டி மக்களைக் கடலிலேயே மடக்கி அனுப்புவது அகதிகள் உடன்படிக்கைக்குள் வராது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. 2014 ஜூனில் இந்தியாவிலிருந்து புறப்பட்ட படகில் ஆஸ்திரேலியா நோக்கிப் போன 157 தமிழர்களை, அந்நாட்டு அரசு ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலில் அடைத்துவைத்தது. 2015இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதைச் சட்டப்படியானது என்றது. கேட்கும் கடமை மண்ணில் பிறக்கிறது என்று தெரிந்ததும், அரசுகள் மனிதர்களை மண்ணைத் தொடாதபடி பார்த்துக்கொள்கின்றன. கேட்டுவிட்டால் மறுப்பது கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் மறுப்பு ஜனநாயகத்தின் பெயரால் வருவது. 1983இல் அரசியல் தத்துவ அறிஞர் மைக்கேல் வால்சர் இதை மிகத் திறமையாக எழுதினார்: தன் உறுப்பினர் யார் என்று தீர்மானிக்க முடியாத சமூகம் தன்னைத் தானே ஆள முடியாது. இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் வந்தவர் எல்லோருக்கும் குடியுரிமை என்பது இங்கே பேசப்படவில்லை. ஆனால் ஜனநாயகம் என்பது, அதிகாரம் செலுத்தப்படுபவருக்கு அதன் காரணம் சொல்லப்படும் ஆட்சி. எல்லையில் துப்பாக்கியோடு தடுக்கப்படுபவர் மீதும் அதிகாரம்தான் செலுத்தப்படுகிறது. எனவே அவருக்கும் காரணம் சொல்லியாக வேண்டும் என்று அரசியல் தத்துவ அறிஞர் அராஷ் அபிசாதே 2008இல் வாதிட்டதற்கு வால்சர் மரபிலிருந்து முழுமையான பதில் வந்ததாகத் தெரியவில்லை. வால்சரும் தேவையில் தவிப்பவருக்கு உதவும் கடமையை விலக்கவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. மக்கள் மனத்தில் கனமாக நிற்பது இதுதான். 2024 இறுதியில் உலகில் 12 கோடியே 32 லட்சம் பேர் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தார்கள் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். எல்லோரையும் எப்படிக் கேட்பது, எங்கே வைப்பது? அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். எல்லை கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இருப்பது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். தாங்க முடியாது என்று குரல் கொடுப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2015இல் கடல் வழியே 10 லட்சம் பேர் வந்தபோது ஐரோப்பா நெருக்கடி என்றது. பெருந்திரளாக வருபவர்களுக்காக 2001இலேயே எழுதிவைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு நெறிமுறையை அப்போது எடுக்கவே இல்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் அதே நெறிமுறையை இயக்கி, 40 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வீடும் வேலையும் பள்ளியும் தந்தது. செய்தது நல்ல காரியம். ஆனால் 2015இல் உண்மையில் தடையாக இருந்தது இடமின்மை அல்ல என்பதை அது காட்டிவிட்டது. ஐரோப்பாவைவிடப் பல மடங்கு ஏழையான கொலம்பியா 2021இல், வெனிசுவேலாவிலிருந்து வந்த 17 லட்சம் பேருக்கு 10 ஆண்டு சட்டப்பூர்வ வாழ்நிலையை அறிவித்தது. கொள்ளளவு உண்மையான காரணமாக இருக்கும் சூழல்கள் உண்டு. அப்போது அதைக் கணக்கோடு காட்டட்டும். காரணம் காட்டும் கடமை கேட்பது அவ்வளவே.

சட்டவாதிகள் எழுப்பும் கடைசி மறுப்பு, அரசுகளின் நடைமுறை வேறாக இருக்கும்போது அறிஞர்களின் நூல்களைக் காட்டி என்ன பயன் என்பது. நடைமுறையும் ஒரே மாதிரி இல்லை. ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனம் 1981இல் துன்புறுத்தப்பட்டவருக்குப் புகலிடம் பெறும் உரிமையையே தந்தது. ஆர்ஜென்டினாவின் 25,871ஆம் எண் சட்டம் 2004இல் குடிபெயரும் உரிமையை மனிதரின் இன்றியமையாத, பறிக்க முடியாத உரிமை என்று எழுதியது. அந்நாடு அதனால் இறையாண்மையை இழந்துவிடவில்லை. காரணம் காட்டி மறுக்கவும் வெளியேற்றவும் அச்சட்டத்திலேயே வழி இருந்தது. 2018 ஜூலையில் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம், குடியேறிகளுக்கு உணவும் இடமும் தந்த விவசாயி ஒருவரின் வழக்கில், சகோதரத்துவம் என்ற குடியரசின் முழக்கம் சட்ட வலிமையுள்ள கொள்கை என்றது. அந்த நாட்டில் சட்டப்படி இருக்கிறாரா என்று பாராமல் பிறருக்கு உதவும் சுதந்திரம் அதிலிருந்து பிறக்கிறது என்றது.

இந்தியா இந்த விவாதத்தில் எங்கே நிற்கிறது என்பது தமிழருக்கு நேரடியான கேள்வி. 1951 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. தனி அகதிச் சட்டமும் இல்லை. முன்னாள் தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையில் உருவான மாதிரிச் சட்டமும், 2015இல் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. சக்மா அகதிகளை விரட்டும் முயற்சியிலிருந்து காக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் அருணாசலப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. உயிர்வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல என்றது. ரோஹிங்கியாக்களின் வழக்கில் 2021இல் அதே நீதிமன்றம், இந்தியாவில் வசிக்கும் உரிமை குடிமக்களுக்கே என்று சொல்லி, உரிய நடைமுறைப்படி அவர்களை அனுப்பலாம் என்றது. அடுத்த மாதமே மணிப்பூர் உயர் நீதிமன்றம், ஆபத்துக்குத் திருப்பியனுப்பாமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று கண்டது. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை அனுப்ப வேண்டாம் என்று கேட்டபோது, இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாய்மொழியாகக் கூறினார். தர்மசாலையில் இடம் தருவது தருபவரின் தயவு. அந்த மனிதர் கேட்டது தயவை அல்ல, ஊருக்குப் போனால் தனக்கு ஆபத்து என்ற தன் கூற்றைச் சோதித்துப் பார்க்கும்படிதான்.

1983 முதல் தமிழ்நாடு ஈழத் தமிழர்களுக்கு இடம் தந்து வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000க்கும் அதிகமானோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். உதவித்தொகையும் ரேஷனும் வீடும் அரசு கொடுக்கிறது. அவை உண்மையான உதவிகள். ஆனாலும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. ஏன் என்று அவர்களுக்கு விடை சொல்லும் கடமையும் யாருக்கும் இல்லை. 2025இல் வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று குறித்துவந்த நிலைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் நாளை வேறோர் ஆணை இதை நீக்கினால், முகாமில் பிறந்து இங்கே படித்து வேலைக்குப் போகும் ஒருவர் எந்த அதிகாரியின் முன் போய் நின்று காரணம் கேட்பது, எந்தத் தீர்ப்பாயம் அவரைக் கேட்டுப் பதிலை எழுத்தில் தரும் என்பதற்கு இந்தியச் சட்டப் புத்தகத்தில் இன்னும் ஒரு பிரிவும் எழுதப்படவில்லை.